குட்டி யானையா, தோஸ்தா, பொலிரோவா? டெல்டாவில் லோடு வண்டி எடுக்கப் போகிறவர்களுக்கு

சம்பா அறுவடை முடிந்து நெல் பணம் கைக்கு வரும் மாசி, பங்குனியில்தான் நம் பக்கத்தில் லோடு வண்டி வாங்கும் பேச்சு சூடு பிடிக்கும். மன்னார்குடியானாலும் சரி, பாபநாசமானாலும் சரி, பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று வண்டிகளில்தான் வந்து நிற்கும். குட்டி யானை என்று ஊரே சொல்லும் டாடா ஏஸ், அசோக் லேலண்டின் தோஸ்த், மகிந்திராவின் பொலிரோ பிக்கப். டீக்கடையில் ஆளுக்கொரு கட்சி இருக்கும். "எடுத்தா பொலிரோதான் எடுக்கணும்" என்று அடித்துப் பேசுகிறவர் பெரும்பாலும் சொந்தமாக வண்டி வைத்திருக்க மாட்டார்.

750 கிலோ ஏற்றும் வண்டியையும் 1,700 கிலோ ஏற்றும் வண்டியையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பது சரியா என்று கேட்கலாம். வண்டி விவரம் தெரிந்தவர்கள் இவற்றை வேறு வேறு வகையில்தான் வைப்பார்கள். ஆனால் நம் ஊரில் கடனுக்கு அலைகிற ஒரே ஆள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் எடுக்கப் போகிறார். ஷோரூம் ஷோரூமாக ஏறி இறங்கப் போவதும் அவர்தான். அதனால் ஒப்பிடாமல் முடியாது. அதற்கு முன்னால் இந்தக் கம்பெனிகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். வண்டியின் குணத்தில் பாதி அங்கிருந்து வந்ததுதான்.

டாடா மோட்டார்ஸ் ரயில் இன்ஜின் செய்வதற்காக ஆரம்பித்த கம்பெனி. 1945இல் ஜாம்ஷெட்பூரில் டெல்கோ என்ற பெயரில் தொடங்கி, 1954இல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து லாரி செய்ய இறங்கியது. அந்தக் காலத்து டாடா லாரிகளின் முகப்பில் பென்ஸ் நட்சத்திரம் இருக்கும். 1969இல் ஒப்பந்தம் முடிந்ததும் நட்சத்திரம் போய் 'டி' எழுத்து வந்தது. 1980களின் நடுவில் டொயோட்டா, மஸ்தா, மிட்சுபிஷி, நிசான் என நான்கு ஜப்பான் கம்பெனிகள் இங்கே கூட்டாளிகளைப் பிடித்துச் சின்ன லாரிகளோடு களம் இறங்கின. டாடா கதை முடிந்தது என்று பேசிக்கொண்ட காலம் அது. 1986இல் டாடாவின் சின்ன லாரி 407 வந்தது. ஜப்பான் கூட்டுகள் ஒவ்வொன்றாகக் கலைந்தன, 407 நின்றது. தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் எந்த அரிசி ஆலை வாசலிலும் ஒரு 407ஐப் பார்க்கலாம்.

காரிலும் டாடா கை வைத்தது. 1991இல் சியரா, 1994இல் சுமோ, 1998இல் இண்டிகா என்று வரிசையாக வந்தன. சுமோ என்ற பெயர் ஜப்பான் மல்யுத்தத்திலிருந்து வந்ததாகப் பலர் நினைப்பார்கள். கம்பெனியை வளர்த்தெடுத்த சுமந்த் மூல்காவ்கர் பெயரின் முன்னெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர் அது. 2008இல் ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டையும் ஃபோர்டிடமிருந்து வாங்கியது. லோடு வண்டி வாங்குகிறவருக்கு அது தேவையில்லாத சேதி, விட்டுவிடலாம்.

நமக்கு வேண்டியது 2005 மே மாதம். அன்று சின்ன சரக்குக்கு இருந்த வாகனம் மூன்று சக்கர லோடு ஆட்டோதான். அதற்கு மேலே போனால் நேராக 407. நடுவில் எதுவுமில்லை. கிரீஷ் வாக் தலைமையிலான டாடா குழு ஊர் ஊராகப் போய் லோடு ஆட்டோக்காரர்களிடம் என்ன வேண்டும் என்று கேட்டது. நாலு சக்கரம் இருந்தால் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு இளைஞர் சொன்னதாக ஒரு கதை உண்டு. அப்படிப் பிறந்ததுதான் ஏஸ். இரண்டு சிலிண்டர், 702 சிசி டீசல் இன்ஜின், 16 குதிரைத்திறன், 750 கிலோ பாரம், விலை சுமார் 2.25 லட்சம். எடுத்த எடுப்பிலேயே ஓடியது. இன்றுவரை விற்றது 20 லட்சத்துக்கும் மேல். இதை லோடு ஆட்டோவுக்கு அண்ணனாகப் பார்க்க வேண்டும், லாரிக்குத் தம்பியாகப் பார்த்தால் ஏமாற்றம்தான். அதன் பலமும் பலவீனமும் இங்கேதான் இருக்கின்றன.

அசோக் லேலண்ட் நம்ம ஊர் கம்பெனி. 1948இல் ரகுநந்தன் சரண் சென்னையில் அசோக் மோட்டார்ஸ் என்று தன் மகன் பெயரில் தொடங்கினார். முதலில் செய்தது லாரி அல்ல, இங்கிலாந்தின் ஆஸ்டின் ஏ40 காரைக் கோத்துக் கொடுக்கும் வேலை. லேலண்டுடன் சேர்ந்த பிறகு 1955இல் இன்றைய பெயர் வந்தது. எண்ணூரில் ஆலை, அப்புறம் ஓசூரில். 1987இல் இந்துஜா குழுமம் உள்ளே வந்தது. கும்பகோணத்தில் ராமன் அண்ட் ராமன் பஸ் ஓடிய காலம் போய் 1972இல் சோழன் போக்குவரத்துக் கழகம் வந்தது. அதற்குப் பிறகு லேலண்ட் இன்ஜின் சத்தம் டெல்டா முழுக்கப் பழகிய சத்தம். பணிமனையில் பஸ்ஸைப் பிரித்துப் பூட்டிப் பழகி, ஓய்வு பெற்றபின் தனியாகப் பட்டறை போட்டவர்களை இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் பார்க்கலாம்.

ஆனால் சின்ன வண்டியில் லேலண்டுக்கு அனுபவம் இல்லை. அதற்காக 2007இல் நிசானோடு கைகோத்தது. 80களில் ஒருமுறை இந்தியாவில் தோற்றுப்போன அதே நிசான். 2011இல் வந்த தோஸ்த் நன்றாக ஓடியது. கூட்டு மட்டும் ஓடவில்லை. சண்டை சச்சரவில் முடிந்து, 2016இல் நிசான் பங்கை லேலண்டே வாங்கிக்கொண்டது. தோஸ்த்தில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர் டீசல், பாரம் 1,250 கிலோ. 2020இல் அதற்கு மேலே படா தோஸ்த் வந்தது. லாரிக் கம்பெனி செய்த சின்ன வண்டி என்பது சேஸிஸைத் தட்டிப் பார்த்தாலே தெரியும்.

மகிந்திரா ஆரம்பத்தில் இரும்பு வியாபாரம் செய்த கம்பெனி. 1945இல் மகிந்திரா அண்ட் முகமது என்று பெயர். பங்குதாரர் குலாம் முகமது பிரிவினைக்குப் பிறகு பாகிஸ்தானின் நிதி அமைச்சராகிவிட, 1948இல் பெயர் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப் கோத்துக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1963இல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் சேர்ந்து டிராக்டருக்கு வந்தார்கள். 2000இல் பொலிரோ. அந்த ஜீப் வம்சத்தின் பின்பக்கத்தைத் தொட்டியாக மாற்றினால் அதுதான் பொலிரோ பிக்கப். நான்கு சிலிண்டர், 2.5 லிட்டர் இன்ஜின். 1.3 டன், 1.5 டன், 1.7 டன் என்று பாரத்துக்கேற்ற ரகங்கள் உண்டு. மேக்ஸ் பிக்கப் வரிசையில் 2 டன் வரைக்கும் போகிறது.

சிப்பக் கணக்கு

கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் 40 கிலோ சிப்பம், அதாவது மூட்டை. சாக்கோடு சேர்த்தால் அதற்கு மேல் அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். சட்டப்படி ஏற்றினால் ஏஸில் 18 சிப்பம், தோஸ்த்தில் 30, பொலிரோ 1.7 டன்னில் 41. நன்றாக விளைந்த இரண்டு ஏக்கருக்கு 120 சிப்பம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஸ் 7 நடை, தோஸ்த் 4 நடை, பொலிரோ 3 நடை. மைலேஜில் ஏஸ்தான் முதலில் நிற்கும், சந்தேகமில்லை. ஆனால் 4 நடையில் முடிகிற வேலையை 7 நடை அடித்தால் அந்த மைலேஜை என்ன செய்வது? லோடுமேன்கள் வேறு நடுநடுவே சும்மா உட்கார்ந்திருப்பார்கள், அந்தக் கூலியும் உங்கள் தலையில்தான்.

ஏஸில் 18 சிப்பம் யார் ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. 28, 30 என்று அடுக்கி, படுதாவை இழுத்துக் கட்டி, முன்சக்கரம் தரையில் பாவுகிறதா இல்லையா என்று தெரியாமல் ஆற்றங்கரைச் சாலையில் போகும் குட்டி யானையைத் தை மாதத்தில் தினமும் பார்க்கலாம். பின் பட்டை (ஸ்பிரிங்) வளைந்து எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். 2019 திருத்தச் சட்டத்தின்படி அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அபராதத்தை விடுங்கள், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பதே எத்தனை மூட்டை ஏற்றினீர்கள் என்றுதான். 30 சிப்பம் ஏற்றுவதுதான் உங்கள் வழக்கம் என்றால், அந்த வேலைக்குத் தோஸ்த் இருக்கிறது.

எல்லா லோடும் நெல்லில்லை. வைக்கோல் கட்டு எடை குறைவு, இடம் அதிகம். அதற்குத் தொட்டி நீளம்தான் பேசும். ஏஸ் தொட்டி சுமார் 7 அடி, தோஸ்த் 8 அடிக்குச் சற்று மேல், நீளமான பொலிரோ 9 அடி. திருவையாற்று வாழைத்தாரைத் திருச்சி காந்தி மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவருக்கு, தார் நசுங்காமல் போக வேண்டும் என்பதால் நீளத்தோடு பட்டை மெத்தென்று இருப்பதும் முக்கியம். பொலிரோ பாரம் இல்லாமல் ஓடினால் தூக்கித் தூக்கிப் போடும், பாதி லோடில் பழம் அடிபடும். இந்த வேலைக்குத் தோஸ்த்தோ, அதற்குப் போட்டியாக டாடா 2019இல் இறக்கிய இன்ட்ராவோ மேல். இன்ட்ரா வி30 ஏற்றுவது 1,300 கிலோ. தோஸ்த் பார்க்கப் போகிறவர்கள் இதையும் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். டீக்கடைக் கட்சிகளில் இன்ட்ராவுக்கு இன்னும் கொடி இல்லை, அவ்வளவுதான்.

வாட்டர் கேன், மளிகை, வெற்றிலைக் கவுளி, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, பந்தல் நாற்காலி. இவையெல்லாம் 750 கிலோவுக்குள் அடங்கும் வேலைகள். இதற்குப் பொலிரோ எடுத்தால் தினமும் காலி இடத்தை டீசல் ஊற்றிச் சுமக்கிறோம் என்று அர்த்தம்.

சாலை என்றால் நம் சாலை

தஞ்சாவூர் விக்கிரவாண்டி நெடுஞ்சாலையில் மூன்றும் நன்றாகத்தான் ஓடும். வித்தியாசம் தெரிவது உள்ளே திரும்பினால்தான். வாய்க்கால் மதகின் மேல் ஒரு வண்டி மட்டும் போகிற அகலம், பாலம் முடிந்த உடனே வெடுக்கென்று ஒரு திருப்பம், அந்தப் பக்கம் அக்கிரகாரத்துச் சந்து. இங்கே ஏஸுக்கு நிகர் ஏஸ்தான். 4.3 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடும். மற்ற இரண்டும் ஒருமுறை பின்னால் எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஒரு சக்கரம் வாய்க்கால் ஓரத்தைத் தொட்டால் அன்றைய வேலை அத்தோடு முடிந்தது.

ஐப்பசி, கார்த்திகையில் கதை தலைகீழ். டெல்டாவின் களிமண் நனைந்தால் பிசின். ஏஸின் 12 அங்குலச் சக்கரம் அதில் இறங்கினால் அடிப்பாகம் மண்ணில் உட்கார்ந்துவிடும். பொலிரோவின் 15 அங்குலச் சக்கரமும் உயரமும் அங்கே கைகொடுக்கும். குறுவை அறுத்து நெல் களத்தில் கிடக்கிறது, மேகம் கறுக்கிறது, களத்துக்கே வண்டி வர வேண்டும் என்றால் விவசாயி முதலில் போன் போடுவது பொலிரோக்காரருக்குத்தான். வேதாரண்யம் உப்பு, நாகப்பட்டினம் மீன், பேராவூரணித் தேங்காய் என்று கடற்கரைப் பக்கம் அதிகம் ஓடுகிறவர்களுக்கும் பொலிரோ தாங்கும். உப்புக் காற்றுக்கு மூன்றும் ஒன்றுதான், தொட்டிக்கு அடியில் வருடம் ஒருமுறை பெயின்ட் அடிக்காவிட்டால் எதுவும் நிற்காது.

பட்டறைக்காரர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். வலங்கைமான் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம், "அண்ணே, எந்த வண்டி அதிகமா ரிப்பேருக்கு வருது?" என்று கேட்டேன். "எது அதிகமா ஓடுதோ அதுதான் தம்பி அதிகமா வரும். யானை நிறைய இருக்கு, யானை நிறைய வருது" என்றார். பேசிக்கொண்டே ஒரு ஏஸின் சீட்டைத் தூக்கி நிறுத்தினார். இன்ஜின் அதற்குக் கீழேதான். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. உதிரிபாகம் பக்கத்து டவுனிலேயே, டூப்ளிகேட் உட்பட எல்லாம், கிடைக்கும். மழையில் நடுவழியில் நின்றால் சீட்டுக்கடியில் குனிவதைவிட பொலிரோவின் பானட்டைத் திறப்பது சுலபம் என்பது அவர் கட்சி.

இன்னொன்றும் சொன்னார். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகள் எதுவானாலும் சென்சார் கோளாறு என்றால் பட்டறை கைவிரித்துவிடும், லேப்டாப் வைத்திருக்கும் சர்வீஸ் சென்டருக்குத்தான் இழுத்துப் போக வேண்டும் என்றார். அதனால் புது வண்டி வாங்குகிறவர் கம்பெனிப் பெயரைக் காட்டிலும், தன் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்பதைப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணத்துக்காரர்களுக்குக் கவலையில்லை. முத்துப்பேட்டை, கோடியக்கரை பக்கம் இருப்பவர்கள் வரைபடத்தை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும்.

காகிதமும் கடனும்

டிரைவருக்கு இதில் பிரச்சினை இல்லை. மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் சரக்கு வண்டியைச் சாதாரண இலகுரக உரிமத்தோடு ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

பர்மிட்டில் மட்டும் கவனம் வேண்டும். வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்குள் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப்படி சரக்கு பர்மிட் தேவையில்லை. ஏஸும் தோஸ்த்தும் இதற்குள் வந்துவிடும். பொலிரோவின் பெரிய ரகங்கள் 3,000ஐத் தாண்டும். ஷோரூமில் '1.7 டன்' என்று சொல்லும்போது அது பாரம், ஆர்சி புத்தகத்தில் வரப்போகும் மொத்த எடை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். எஃப்சி, அதாவது வண்டியின் தகுதிச் சான்று, மூன்றுக்கும் ஒரே மாதிரி. எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அதற்குப் பிறகு வருடா வருடம்.

இன்சூரன்ஸில் ஒரு வேடிக்கை உண்டு. மூன்றாம் தரப்புப் பிரீமியம் 7,500 கிலோ வரை உள்ள எல்லாச் சரக்கு வண்டிக்கும் ஒரே தொகை. 2022 அறிவிப்பின்படி 16,049 ரூபாய், வரி தனி. ஏஸ்காரரும் அதே, பொலிரோக்காரரும் அதே. 18 சிப்பம் ஏற்றுகிறவருக்கு இது பெரிய சுமை. சின்ன வண்டி என்றால் எல்லாச் செலவும் சின்னது என்று நினைக்கிறவர்கள் இந்த ரசீதைப் பார்த்தபின்தான் யோசிக்கிறார்கள்.

கடனுக்கு வருவோம். 11 சதவீத வட்டி, 5 வருடம் என்று வைத்துக்கொண்டால் 4 லட்சத்துக்கு மாதம் சுமார் 8,700 ரூபாய், 7 லட்சத்துக்கு 15,200, 9 லட்சத்துக்கு 19,500க்கு மேல். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது, அதனால் பழைய விலைப் பட்டியலை நம்பாதீர்கள். இந்தத் தவணை ஒவ்வொரு மாதமும் வரும், ஆடியிலும் வரும். நம் பக்கத்தில் நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். தை மாதத்தில் கொள்முதல் நிலையத்து வாசலில் வரிசை நிற்பதைப் பார்த்து, இரவு பகலாக லோடு கிடைப்பதைப் பார்த்து, அந்தக் கணக்கில் பெரிய வண்டி எடுத்துவிடுகிறார்கள். ஆடியில் மேட்டூர்த் தண்ணீர் வந்து குறுவைப் பயிர் வயலில் நிற்கும். அறுப்பு இல்லை, கல்யாணம் இல்லை, பந்தல் இல்லை. மேட்டூர் ஜூன் 12இல் திறக்காத வருடமென்றால் ஐப்பசி லோடும் போச்சு. எனவே அறுப்பு மாத வரும்படியை ஓரமாக வைத்துவிட்டு, ஆடி மாதம் உங்களுக்கு யார் லோடு கொடுப்பார்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள். அந்தக் காகிதம் எந்த வண்டியின் தவணையைக் கட்டுகிறதோ அந்த வண்டியை எடுங்கள். அறுப்பில் மேற்கொண்டு நெல் வந்தால் நாலு நடை கூட அடிக்கலாம், இல்லை பக்கத்து ஊர்க்காரர் வண்டியை அழைக்கலாம்.

இந்த அளவுகோலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். முதல் முறையாக வண்டித் தொழிலுக்கு வருகிறவருக்கு, தினசரி கடைக்கடையாகப் போடுகிற வேலை இருந்தால், ஏஸ். 2025 ஜூனில் வந்த ஏஸ் ப்ரோ பெட்ரோல் வண்டி அறிமுக விலையே 3.99 லட்சத்தில் ஆரம்பித்தது, பாரம் அதே 750 கிலோ. மாருதியின் சூப்பர் கேரியும் இதே வகைதான். பெட்ரோல் இன்ஜின், சத்தம் குறைவு, ஓட்ட சுகமாக இருக்கும். ஆனால் பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது டீசல் பழகியவர்கள் முகம் சுளிப்பார்கள். மின்சார ஏஸ் 2022இலேயே வந்துவிட்டது, சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 154 கிலோமீட்டர். கும்பகோணம் டவுனுக்குள்ளேயே சுற்றுகிறவர் யோசிக்கலாம், திருச்சிக்குப் போய் வருகிறவர் அவசரப்பட வேண்டாம்.

கலவையான வேலை, அதாவது கொஞ்சம் நெல், கொஞ்சம் வாழை, கொஞ்சம் சிமென்ட், மாதம் சில நடை திருச்சி என்று ஓடுகிறவருக்கு தோஸ்த் வகைதான் சரி. பர்மிட் தொல்லை இல்லை, பாரம் போதும், தவணை கையைக் கடிக்காது. டெல்டாவில் வண்டி எடுக்கும் பத்துப் பேரில் பெரும்பாலோர் இந்த ரகம் என்பது என் எண்ணம். தோஸ்த்தா இன்ட்ராவா என்பதைச் சர்வீஸ் சென்டர் தூரம் முடிவு செய்யட்டும்.

பொலிரோ அருமையான வண்டி. ஆனால் கையில் நிரந்தர லோடு இருப்பவருக்கு மட்டும். ரைஸ் மில் ஒப்பந்தம், மீன் கம்பெனி, தேங்காய் மண்டி, சொந்தமாக உர வியாபாரம் என்று ஏதாவது ஒன்று எழுத்தில் இருந்தால் தாராளமாக எடுக்கலாம். ஊரில் மதிப்பாக இருக்கும் என்பதற்காக எடுப்பவர்களைத் தடுக்க முடியாது. அவர்களுடைய வண்டிதான் இரண்டு வருடம் கழித்து செகண்ட் ஹேண்டில் நமக்கு நல்ல விலைக்குக் கிடைக்கும்.

செகண்ட் ஹேண்ட் என்றதும் ஒரு வார்த்தை. ஏஸ் பழையதாகப் பார்க்கப் போனால் காலி வண்டியைத் தட்டையான இடத்தில் நிறுத்தச் சொல்லி, பின்னால் நின்று இரண்டு பக்கப் பட்டையும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிப் பலகையைத் தூக்கி, சேஸிஸில் வெல்டிங் வைத்த தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் கூர்ந்து பாருங்கள். அப்புறம் எஃப்சி தேதி, அதோடு பழைய கடன் அடைந்ததற்கு ஃபைனான்ஸ் கம்பெனி கொடுத்த தடையில்லாச் சான்று. அது கையில் வராமல் ஒரு ரூபாய் முன்பணம்கூடக் கொடுக்காதீர்கள்.